ருக்குமணியின் விரால்

கல்மரத்து ஏரிக்கு ஜீப் போகும், பஸ் போகாது. அங்கே விரால் பிடிக்க ஆட்களைக் கூட்டிப்போகிற வேலை செவந்தியுடையது. அந்த வேலையை அவளிடம் கற்றுக்கொள்ள அருணகிரி வந்து சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. குருவுக்கு வயது முப்பத்துநாலு. சீடருக்கு ஐம்பத்தெட்டு.

அருணகிரி கோயமுத்தூரில் ஒரு பம்புசெட் கம்பெனியில் லேத் பட்டறை ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். இரும்பைக் கண்ணால் பார்த்தே அரை நூல் கூடுதலா குறைச்சலா என்று சொல்லிவிடுவார். மீனிலும் அப்படித்தான். தண்ணீரில் ஒரு புரளல் தெரிந்தால் போதும், இன்ன மீன், இத்தனை எடை என்பார். தராசும் அதையே சொல்லும். அந்தக் கண் செவந்திக்கே கிடையாது. அதை அவள் யாரிடமும் மறைத்ததில்லை.

ஓய்வு பெற்ற பிறகு வீட்டில் அவரை யாரும் எதுவும் கேட்பதில்லை. எதைத் தொட்டாலும் மகன் ஓடிவந்து, "நீங்க ரெஸ்ட் எடுங்கப்பா" என்பான். அந்த வார்த்தையைக் கேட்டாலே அவருக்கு எரிச்சல் வரும். நாலு பேர் தன் பின்னால் நடந்துவர வேண்டும், "இப்ப என்னங்க பண்றது?" என்று தன் முகத்தைப் பார்க்க வேண்டும். மிச்சமிருக்கிற காலத்துக்கு அவர் ஆசைப்பட்டது அவ்வளவுதான். இந்த ஏரிக்கரையில் அது கிடைக்கும் என்று நம்பினார். ஆனால் எட்டு மாதத்தில் ஒரு தடவைகூடச் செவந்தி அவரைத் தனியாக அனுப்பவில்லை.

மாசி மாதத்தில் ஒரு நாள் அவள் பரிசலுக்குத் தார் பூசிக்கொண்டிருந்தபோது கேட்டேவிட்டார்.

"அம்மிணி, நான் எப்பத் தனியாக் கூட்டிட்டுப் போறதுங்க?"

"வர்ற சனி, ஞாயிறு ஏழு பேர் வர்றாங்க. நீங்களே கூட்டிட்டுப் போங்க ஃபோர்மேன் சார். நானும் வருவேன். ஆனா வாயத் தொறக்க மாட்டேன்."

"பரீட்சைங்களா?"

"மீன் பிடிக்கறதுங்க" என்றாள் செவந்தி.

வந்த ஏழு பேரும் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் வேலை செய்கிறவர்கள். ஆர்டரை நாள் தவறாமல் முடித்துக் கொடுத்ததற்காக முதலாளி அனுப்பிவைத்திருந்தார். அதில் ஒருத்தி ருக்குமணி. ஓவர்லாக் மிஷினில் உட்கார்ந்து இருபது வருஷம் ஆனவள். தூண்டில் கோலை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கையில் பிடிக்கிறாள்.

சனிக்கிழமை அருணகிரி செய்ததில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கண் கூசாமலிருக்க, வெயில் முதுகில் விழும்படி ஆட்களை நிறுத்தினார். நிழல் தண்ணீரில் விழுந்தால் விரால் விலகிவிடும் என்று சொல்லி ஒவ்வொருவரையும் இரண்டடி பின்னால் தள்ளினார். தூண்டில் முள்ளில் ரப்பர் தவளையைக் கோத்து, அதைத் தாமரை இலைமேல் விழச்செய்து மெல்லத் தண்ணீரில் இழுக்கும் வித்தையைக் காட்டிக்கொடுத்தார். மதியத்துக்குள் ஐந்து பேர் மீன் பிடித்துவிட்டார்கள். செவந்தி சொன்ன சொல் தவறாமல் வாயை மூடிக்கொண்டு அடுப்புக்குச் சுள்ளி பொறுக்கினாள்.

ருக்குமணியின் தவளை முதல் வீச்சில் மரத்துக்குப் போனது. இரண்டாவது வீச்சில் கூட வந்த சூப்பர்வைசரின் தொப்பியைத் தூக்கியது. மூன்றாவதில் அவளுடைய முந்தானையிலேயே மாட்டியது.

"அக்கா, மரத்துல எத்தன மீன் மாட்டுச்சு?" என்றான் கட்டிங் மாஸ்டர் தினகரன்.

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். ஆனால் கோலைக் கீழே வைக்கவில்லை. மற்றவர்கள் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தபோதும் நின்றபடியே வீசிக்கொண்டிருந்தாள். மூன்று மணி வாக்கில் தவளை, விழ வேண்டிய இடத்தில் விழ ஆரம்பித்தது.

அதற்குப் பிறகு அரைமணி நேரம்கூட ஆகியிருக்காது. தாமரை இலைக்கு இந்தப்பக்கம் தண்ணீர் பிளந்தது. கோல் வில்லாக வளைந்தது. ருக்குமணி, "சார்" என்று கத்தினாள்.

அருணகிரிக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. மூன்று கிலோ நானூறு. மீன் தாமரைக் கொடிக்குள் திரும்பிக்கொண்டிருந்தது. உள்ளே போய்விட்டால் தூண்டில் நரம்பு கொடியில் சுற்றி அறுந்துவிடும். இவளோ ரீலைத் தலைகீழாகச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"தள்ளுங்க" என்றார்.

இரண்டே எட்டில் போய்க் கோலை வாங்கினார். நரம்பைக் கொஞ்சம் விட்டார், பக்கவாட்டில் இழுத்தார், மறுபடி விட்டார். கரையில் இருந்த அத்தனை பேரும் வேடிக்கை பார்க்க, விரால் அவர் காலடிக்கு வந்தது. தராசில் வைத்தார்கள். மூன்று கிலோ நானூற்று இருபது. கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

அருணகிரி மீனை ருக்குமணியின் கையில் கொடுத்து நிற்கவைத்துப் போட்டோ எடுத்தார். பக்கத்து வீட்டுப் பிள்ளையைத் தூக்கி வைத்திருப்பதுபோல அவள் அதைப் பிடித்துக்கொண்டிருந்தாள். போட்டோ முடிந்ததும் மீனைத் தினகரனிடம் கொடுத்துவிட்டு, நரம்பைச் சுற்றி, கோலைப் பாறையில் சாய்த்துவைத்து உட்கார்ந்துவிட்டாள். இருட்ட இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. பாவம், களைத்துப்போய்விட்டாள் என்று அருணகிரி நினைத்தார்.

கல்மரத்தில் ஒரு வழக்கம் உண்டு. மீன் சொல்லுதல் என்பார்கள். பொழுது சாயும்போது வந்தவர்கள் வட்டமாக உட்கார்ந்து, அன்றைக்குத் தம் தூண்டிலில் நடந்ததை ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டும். கூட்டி வந்தவர்கள் பேசக் கூடாது. யார் ஆரம்பித்துவைத்ததோ தெரியாது, கேட்க நன்றாக இருக்கும். கால் கிலோ கெண்டை பிடித்தவன்கூடக் கடலையே கரைக்கு இழுத்துப் போட்டவன் மாதிரி அளப்பான்.

ருக்குமணியின் முறை வந்தது.

"எனக்கு ஒண்ணுமில்லீங்க. அது சார் பிடிச்ச மீனு."

அருணகிரிக்கு உள்ளுக்குள் இனித்தது. பேசக் கூடாது என்பதை மறந்து, "அட, உங்க தூண்டில்ல விழுந்ததுதானுங்களே" என்றார்.

"ஆமாங்க" என்றாள் அவள். அடுத்த ஆள் ஆரம்பித்தான்.

அருணகிரி டீ டம்ளரை எடுத்துக்கொண்டு அடுப்பருகே போனார். செவந்தி மீன் குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தாள்.

"எப்படிங்க அம்மிணி?"

செவந்தி கையைக் கழுவினாள். எட்டி அவர் கையிலிருந்த டம்ளரை வாங்கி, கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டுக் கீழே வைத்தாள்.

"என்னங்க இது?"

"சிந்தீருவீங்களோன்னு பயமாப் போச்சுங்க."

"என்ற டீயை நான் சிந்துவனுங்களா?"

"சிந்த மாட்டீங்கதான். ஆனா டீ நல்லா இருந்துச்சு."

அருணகிரிக்குப் புரிந்தது. புரிந்ததால்தான் கோபம் வந்தது.

"நான் வாங்கலைன்னா மீன் போயிருக்குமுங்க."

"போயிருக்குமுங்க."

"அப்புறம்?"

"வாயத் தொறக்க மாட்டேன்னு சொல்லியிருந்தேன். டீக்குத்தான் தொறந்தேன்" என்று சொல்லிவிட்டு அவள் மறுபடி புளியில் கை வைத்தாள்.

குழம்பு பிரமாதமாக இருந்தது. ருக்குமணி சோற்றில் குழம்பை ஊற்றிக்கொண்டாள், மீன் துண்டை எடுத்துக்கொள்ளவில்லை. அன்றைக்கு அருணகிரிக்குத்தான் சாப்பாடு சரியாக இறங்கவில்லை. பட்டறையில் முப்பது வருஷமும் அவர் அதிகம் சொன்ன வார்த்தை 'தள்ளு'. புதிதாக வந்த பையன் உளியைத் தப்பாக வைத்தால் தள்ளு. ஒரு நூல் கூடுதலாகச் சீவினால் தள்ளு. அவர் கை பட்ட வேலை ஒன்றுகூடக் கெட்டதில்லை. ஓய்வு பெற்ற பிறகு அந்தப் பையன்களில் ஒருவன்கூட அவருக்குப் போன் செய்யவில்லை. நன்றி கெட்டவர்கள் என்றுதான் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ருக்குமணியின் கோலை எடுத்துக்கொண்டு அவரே அவளிடம் போனார்.

"ஒரு நாலு வீச்சு வீசுங்க."

"எனக்கு வராதுங்க சார். நீங்க போடுங்க, நான் பார்த்துட்டிருக்கேன்."

வீட்டில் மகன் பேசும்போது வரும் அதே எரிச்சல் அவருக்கு வந்தது. இந்தத் தடவை அது தன்மேலேயே வந்தது.

"எனக்கு இன்னைக்குக் கை வலிங்க. தூக்கவே முடியல."

ஃபோர்மேன் பொய் சொல்லி அதுவரை யாரும் கேட்டதில்லை. ருக்குமணி அவர் கையைப் பார்த்தாள். பிறகு கோலை வாங்கிக்கொண்டாள்.

அவர் அவளுக்குப் பின்னால் நின்றார். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டி, வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டார். அவள் வீசினாள். மரம், மறுபடி மரம், அப்புறம் தண்ணீர். பத்து மணிக்கு இலை ஓரம் குபுக்கென்றது. கோல் வளைந்தது.

ஒன்றரைக் கிலோ.

"சார், சார்."

"கோல மேல தூக்குங்க" என்றார். "ரீல விடுங்க. ஓடட்டும். இப்பச் சுத்துங்க. அந்தப் பக்கமில்லீங்க, இந்தப் பக்கம்."

அவள் அந்தப் பக்கமே சுற்றினாள். மீன் கொடிக்குள் திரும்பியது. இரண்டு எட்டு வைத்தால் போதும். அவர் கால் ஒரு எட்டு வைத்தேவிட்டது. செருப்புக்குள் தண்ணீர் ஏறியது. முப்பது வருஷத்தில் எந்த வேலையும் அந்த இரண்டாவது எட்டை வைக்காமல் நின்றதைப்போல அவருக்குக் கஷ்டமாக இருந்ததில்லை.

நரம்பு அறுந்தது. கோல் நிமிர்ந்தது. ருக்குமணி சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

எல்லாம் போச்சு என்று நினைத்தார் அருணகிரி. திரும்பிச் செவந்தியைப் பார்த்தார். அவள் பரிசலுக்குள் தேங்கிய தண்ணீரைச் சொம்பால் மொண்டு வெளியே ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"போயிருச்சுங்க" என்றாள் ருக்குமணி. மூச்சு வாங்கியது. "என்ற மீனு போயிருச்சு."

அவள் சேற்றிலிருந்து எழுந்தாள்.

"சார், இன்னொரு தவளை இருக்குதுங்களா?"

இருந்தது. கொடுத்தார். மத்தியானம் மூன்று மணிவரை அவள் வீசினாள். ஒரு மீனும் விழவில்லை. சாப்பாட்டுக்குக் கூப்பிட்டவர்களைப் பார்த்துக் கையை மட்டும் ஆட்டினாள்.

அன்றைக்குப் பொழுது சாயும்வரை இருக்க முடியாது என்பதால் ஜீப் பக்கத்திலேயே மீன் சொல்லுதல் நடந்தது. மற்ற ஆறு பேரும் சீக்கிரம் முடித்தார்கள். ருக்குமணி ஆரம்பித்தாள். கால் மணி நேரம் ஆகியும் முடிக்கவில்லை. மீன் முதலில் ஒரு முழம் இருந்தது. அது வாயைத் திறந்த இடத்துக்கு வரும்போது ஒன்றரை முழம் ஆகியிருந்தது. கொடிக்குள் திரும்பும்போது அவளால் கையை அதற்குமேல் விரிக்க முடியவில்லை.

"அஞ்சு கிலோ இருக்கும்" என்றாள்.

"அக்கா, அஞ்சு கிலோவா?" என்றான் தினகரன்.

"சாரக் கேளு. பக்கத்துல நின்னு பார்த்தாரு. அஞ்சு கிலோ இருக்குமில்லீங்க சார்?"

எல்லோரும் அருணகிரியைப் பார்த்தார்கள். ஒன்றரைக் கிலோ என்பது அவர் நாக்கு நுனியில் இருந்தது. அரை நூலைக்கூட யாருக்கும் விட்டுக்கொடுக்காத நாக்கு அது. பேசக் கூடாது என்கிற வழக்கம் இப்போது நன்றாக ஞாபகம் இருந்தது, ஆனால் கேட்டவளே அவள்தான்.

"அது உங்க மீனுங்க. நீங்க சொல்றதுதானுங்க எடை."

"கேட்டுக்கிட்டியா?" என்று தினகரனிடம் சொல்லிவிட்டு, நரம்பு எப்படி அறுந்தது என்கிற கட்டத்துக்குப் போனாள் ருக்குமணி.

செவந்தி ஜீப்புக்குப் பின்னால் சாமான்களைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள். அருணகிரி அவள் பக்கத்தில் போய் நின்றார்.

"அம்மிணி, ஏழு பேர்ல மீன் பிடிக்காமப் போறது அவங்க ஒருத்தருதானுங்க. என்னாலதான்."

செவந்தி கயிற்றின் மறுமுனையை அவரிடம் நீட்டினாள். பிடித்துக்கொண்டார்.

"பங்குனி பதினாலு, ஒம்பது பேர் வர்றாங்க" என்றாள். "காலைல ஆறு மணிக்கு ஜீப்."

அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"நீங்க வர்லீங்களா?"

"எனக்கு அங்க என்ன வேலைங்க?"

எட்டு மாதமாகக் காத்திருந்தது இதற்குத்தான். சந்தோஷம் வர வேண்டிய இடத்தில் அவருக்குப் பயம் வந்தது. ஒன்பது பேர், பரிசல், தாமரைக் கொடி, வழுக்குப் பாறை எல்லாம் கண்முன் வந்து நின்றன. கையிலிருந்த கயிறு தளர்ந்தது.

"ஏதாச்சும் தப்பாப் போயிருச்சுன்னா அம்மிணி?"

செவந்தி தன் பக்கத்து முடிச்சை இறுக்கினாள்.

"அதும் உங்களுதுதானுங்க."