சல்லடைக்கு அடியில் நின்றவன்

ராஜாக்கள் பகைவரைவிட மழைக்கு அதிகம் பயந்த காலம் ஒன்று இருந்தது. அந்தக் காலத்தில் பரிதிமான் என்று ஒரு ராஜா இருந்தான். ஓர் ஐப்பசி மழையில் அவன் ஏரிக்கரை உடைந்து பாதி ஊர் தண்ணீரோடு போயிற்று. அடுத்த ஐப்பசிக்குள் கரை எழும்பாவிட்டால் மீதி ஊரும் போய்விடும். விளையாட்டுக் காரியமா இது?

மலையில் கல் உடைத்தார்கள். உடைத்த கல் ஒரே அளவிலா வரும்? கரைக்கு அடியில் போடப் பூசணிக்காய் அளவு வேண்டும், நடுவில் தேங்காய் அளவு வேண்டும், இடுக்கை அடைக்கக் கைமுட்டி அளவு வேண்டும். குவிந்து கிடந்த கல்லைக் கையால் பிரித்துப் பிரித்து ஜனங்களின் விரல் தேய்ந்தது. அதற்குள் ஆடி மாதமும் வந்துவிட்டது.

"கல்லை அளவு பார்த்துப் பிரிக்க வழி செய்கிறவன் எவனோ, அவனே இந்த நாட்டுக்குப் பெருந்தச்சன்!" என்று ராஜா பறை அறைவித்தான்.

அது ஆதிச்சன் காதில் விழுந்தது. கெட்டிக்காரத் தச்சன்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் தன் கெட்டிக்காரத்தனத்தின்மேல் அவனுக்கிருந்த நினைப்பு இருக்கிறதே, அது அதைவிட இரண்டு பங்கு பெரிது.

முதலில் மூங்கிலில் சல்லடை பின்னினான். முதல் கல்லுக்கே அது கிழிந்தது. இரண்டாவதாக மாட்டுத்தோல் வாரில் வலை கட்டினான். கல் அதில் சிக்கிக்கொண்டு இறங்க மாட்டேன் என்றது. மூன்றாவதாகப் பனஞ்சட்டங்களைப் பக்கம் பக்கமாக அடுக்கி, மேலிருந்து கீழே சரிவாக நிறுத்தினான். மேல் பாதியில் சட்டங்களுக்கு நடுவே கைமுட்டி நுழையும் சந்து, கீழ்ப் பாதியில் தேங்காய் நுழையும் சந்து. உச்சியில் கொட்டினால் சின்னக் கல் முதலில் விழும், நடுத்தரம் அடுத்து விழும், பெரியது உருண்டோடிக் கடைசியில் போய்ச் சேரும். சந்துகளுக்கு அடியில் கூடைகள் இருக்கும். நிறைந்த கூடையை இழுத்து வெறுங்கூடையைத் தள்ள ஓர் ஆள் உள்ளே குனிந்து நிற்க வேண்டும்.

அந்த மலையில் ஒரு வழக்கம் உண்டு. புதுச் சாதனம் எதைச் செய்தாலும், அது முதன்முதலில் ஓடும்போது செய்தவன்தான் அதற்கு அடியில் நிற்க வேண்டும். அவன் உயிரோடு வெளியே வந்தால்தான் மற்றவர்கள் உள்ளே போவார்கள்.

ஆதிச்சனுக்கும் உயிர் வெல்லக்கட்டிதானே! அன்றைக்கு வேண்டிய கல்லை அவனே வண்டியில் கொண்டுவந்தான். எல்லாம் ஆற்றுக்கல். உருண்டை உருண்டையாக, பார்க்கவே அழகு. கல் எங்கே எடுத்தாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. அவன் அடியில் நின்றான். கற்கள் அதது இடத்தில் சமர்த்தாக விழுந்தன. ராஜா அங்கேயே அவனுக்குப் பட்டுத் தலைப்பாகை கட்டினான்.

மறுநாளும் ராஜா வந்திருந்தான். மலைக்கல் வந்தது. கூடை தூக்கும் பெண்களில் முதலில் உள்ளே போனவள் ஆதிச்சன் பெண்சாதி கருத்தாயி.

"பார்த்து நில்லு, புள்ளே" என்றான் அவன்.

"நீங்க நின்ன இடம்தானே? எனக்கென்ன பயம்!" என்று சிரித்தாள்.

மேலே கல்லைக் கொட்டினார்கள். ஐயையோ, அதை எப்படிச் சொல்வேன்! உளிபட்டுப் பிளந்த கல் உருண்டையாகவா இருக்கும்? அந்தக் குவியலில் ஒரு கல், உலக்கைத் தடிமன், உலக்கை நீளம். அது சட்டத்தோடு சட்டமாகப் படுத்துச் சறுக்கியது, கைமுட்டிச் சந்தில் அப்படியே புகுந்தது. ஆதிச்சன் அதைக் கண்ணால் பார்த்தான். கருத்தாயி அலறியது மலை முழுக்கக் கேட்டது.

உயிர் தப்பியது. கால் நசுங்கிவிட்டது.

கூட்டம் ஓடிவந்து சூழ்ந்தது. முதலில் ஒருவன், "கல்தான் கோணல்" என்றான். இன்னொருவன், "அவள் நின்ற இடம் தப்பு" என்றான். மூன்றாமவன், "மலைச்சாமிக்குப் படையல் போடவில்லை, அதுதான்" என்றான். ஆதிச்சன் தலையாட்டினால் போதும், தலைப்பாகை தலையிலேயே இருக்கும். ராஜாவும் அவன் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆதிச்சன் தலைப்பாகையை அவிழ்த்து ராஜாவின் காலடியில் வைத்தான்.

"கல்லும் தப்பில்லை, அவளும் தப்பில்லை, சாமியும் தப்பில்லை. நான் ஆற்றில் பொறுக்கின உருண்டைக் கல்லை உருட்டிவிட்டு உங்க எல்லாரையும் ஏமாத்திட்டேன், மகாராஜா. இன்னொரு தடவை அடியில் நிற்கிறேன். இந்தத் தடவை கல்லை நான் எடுக்க மாட்டேன். கூடை தூக்குகிற பெண்டுகள் எடுக்கட்டும்."

ராஜா திகைத்தான். பிறகு, "சரி" என்றான்.

ஆதிச்சன் சட்டங்களுக்குக் குறுக்கே சட்டம் அடித்து, நீளச் சந்துகளைக் கட்டம் கட்டமாக மாற்றினான். பெண்கள் கல் பொறுக்கினார்கள். இரக்கமே பார்க்கவில்லை. கூரானது, பலகைபோல் தட்டையானது, கோணலானது என்று இருப்பதிலேயே பொல்லாததாகத் தேடி எடுத்தார்கள். ஆதிச்சன் அடியில் நிற்க, அத்தனையும் ஓடின. ஒன்றும் தப்பி விழவில்லை.

அப்போது கருத்தாயி, காலில் மூங்கில் பத்தை கட்டியபடி, கோலை ஊன்றி வந்தாள். ஓரமாகக் கிடந்த உலக்கைக் கல்லைக் காட்டினாள்.

"அதைப் போடுங்க."

பெண்களுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "அடி பாவி! அடியில நிக்கிறது உன் புருஷன்டி!"

"நாளைக்கு அங்க நிக்கப்போறது உங்க பொண்ணுங்க. போடுங்க."

போட்டார்கள். ஆதிச்சன் அண்ணாந்து பார்த்தான். கல் அவன் தலைக்கு நேரே வந்து நின்றது. குறுக்குச் சட்டம் முனகியது. அவன் அசையவில்லை. கல் லேசாகப் புரண்டது, கட்டத்துக்குக் கட்டம் தாவிச் சறுக்கி, பெரிய கல்லோடு போய் விழுந்தது. மண்தூசிதான் அவன் முகத்தில் கொட்டியது.

கருத்தாயி தொப்பென்று தரையில் உட்கார்ந்து, வாய்விட்டு அழுதாள்.

"இப்ப யாரும் நிக்கலாம்" என்றாள்.

ஐப்பசி வந்தது, மழை வந்தது, கரை நின்றது. கருத்தாயி கால் மட்டும் கடைசிவரை நேராகவில்லை.

ஆகையால் கேட்டுக்கொள்ளுங்கள்: தன் சோதனைக்கு வேண்டிய கல்லைத் தானே பொறுக்கிக்கொள்கிறவன், தான் ஒதுக்கின கல்லை அடுத்தவர் தலையில்தான் போடுகிறான்.