கடற்கரைக்கு எல்லை போட்ட ஜமீன்

ஜமீன் என்று ஒரு நாய். வேனிலிருந்து குதித்ததும் அது கடலைப் பார்க்கவில்லை. காலைத் தூக்க எங்கேயாவது கம்பம் இருக்கிறதா என்றுதான் பார்த்தது.

அது மலையடிவாரத்து ஊர் நாய். அங்கே அதன் தெருவில் விளக்குக் கம்பம், குப்பைத் தொட்டி, பால்காரர் சைக்கிள் எல்லாமே அதன் எல்லை. வேறு நாய் வந்து மோந்து பார்த்தால்கூட ஜமீனுக்குப் பிடிக்காது. அதை வளர்க்கிற வீட்டுச் சிறுமி பூங்கோதை அழுது அடம்பிடித்ததால்தான் கடல் பார்க்க அதையும் கூட்டிவந்தார்கள்.

டிரைவர் முதலிலேயே கறாராகச் சொல்லிவிட்டார். அவருக்கு ராத்திரி வேறு சவாரி இருந்தது. வெளிச்சம் போவதற்குள் வண்டி கிளம்பிவிடும், யாருக்காகவும் நிற்காது, நாய்க்காகச் சுத்தமாக நிற்காது.

ஜமீனும் இதைக் கேட்டது. கேட்டு என்ன? அதன் கவலை வேறு. இவ்வளவு பெரிய இடம் சும்மா கிடக்கிறதே, இதற்கு யாரும் எல்லை போடவில்லையே என்று அதற்கு ஒரே பதற்றம்.

கடற்கரையில் கம்பம் கிடையாது. அதனால் கிடைத்ததில் எல்லாம் காலைத் தூக்கியது. பிள்ளைகள் ஈர மணலில் கட்டிய கோபுரம், குளிக்கப் போனவர் கழற்றி வைத்த செருப்பு, கரையில் ஏற்றி வைத்திருந்த நீல நிறப் படகு. ஒவ்வொன்றாக நனைத்துக்கொண்டே போனது. தலையைத் தரையிலிருந்து தூக்கவே இல்லை. திரும்பி வரும்போது இதே வாசனையைப் பிடித்துக்கொண்டு வந்துவிடலாம், வேறென்ன வேண்டும் என்பது அதன் கணக்கு.

நீலப் படகின் நிழலில் ஒரு பெண் நாய் படுத்திருந்தது. ஒரு காது பாதிதான் இருந்தது. மீன் காயப்போடுகிற இடத்தையே சுற்றிச் சுற்றி வருவதால் குப்பத்து ஆட்கள் அதைக் கருவாடு என்று கூப்பிட்டார்கள். கருவாடு ஒரு கண்ணை மட்டும் திறந்து, தம்பி எந்த ஊர், சாப்பிட்டாச்சா என்று மரியாதையாகத்தான் விசாரித்தது.

ஜமீன் அதன் எதிரில் போய் நெஞ்சை நிமிர்த்தி நின்றது.

"எழுந்திரு. இந்தப் படகிலிருந்து அந்தப் பாறை வரைக்கும் இனிமே என் இடம்."

கருவாடு படகைப் பார்த்தது. ஈரத்தைப் பார்த்தது. பிறகு ஜமீனைப் பார்த்தது.

"எடுத்துக்கோங்க ஜமீன்தாரே. போகும்போது மறக்காம கட்டி எடுத்துட்டுப் போயிடுங்க."

சொல்லிவிட்டு எழுந்து, உடம்பை உதறி, வெயிலில் போய்ப் படுத்துக்கொண்டது. சண்டை போடவில்லை. அது பயந்துவிட்டது என்று ஜமீன் நினைத்தது. உண்மையில் கருவாட்டுக்குச் சோம்பேறித்தனம். சாப்பிட்ட உடனே சண்டை போட அதற்குப் பிடிக்காது. அவ்வளவுதான் விஷயம்.

ஜமீன் இன்னும் போனது. வெள்ளை நண்டுகளைத் துரத்தியது, பறவைகளைத் துரத்தியது, இந்தப் பக்கம் ஓடியது, அந்தப் பக்கம் ஓடியது, வட்டம் அடித்தது. நடுவில் சரக்கு தீர்ந்துபோனது. எல்லையோ இன்னும் பாக்கி இருந்தது. உடனே அது கடலில் வாயை வைத்துக் கடகடவென்று குடித்தது.

அடுத்து என்ன ஆகியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. குடித்ததெல்லாம் குடித்த வழியிலேயே திரும்பி வந்தது. அதையும் எல்லைக் கணக்கில் சேர்த்துக்கொண்டு, ஒரு மணல்மேட்டின் ஓரம் சுருண்டு தூங்கிவிட்டது.

முழித்தபோது வெயில் தணிந்திருந்தது. தூரத்தில் எங்கேயோ ஒரு வேன் ஹாரன் அடித்த மாதிரி இருந்தது. அலைச் சத்தத்தில் எந்தப் பக்கம் என்று தெரியவில்லை.

ஜமீன் அலட்டிக்கொள்ளவில்லை. மூக்கைத் தரையில் வைத்தது. வாசனை இல்லை. நாலு அடி தள்ளி வைத்தது. அங்கேயும் இல்லை. அது தூங்கிய நேரத்தில் கடல் ஏறி வந்து மணலை எல்லாம் கழுவிவிட்டுப் போயிருந்தது. கோபுரம் இருந்த இடத்தில் கோபுரம் இல்லை. செருப்புக்காரர் செருப்பைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். படகாவது இருக்குமே என்று பார்த்தால், நீலப் படகு கடலுக்குள் போய்க்கொண்டிருந்தது. மீன் பிடிக்கிற படகு சாயங்காலம் மீன் பிடிக்கத்தானே போகும்? ஜமீன் எல்லை அதன்மேல் உட்கார்ந்துகொண்டு அலை மேல் ஏறி இறங்கிப் போனது.

இப்போதுதான் ஜமீன் முதல் தடவையாகத் தலையைத் தூக்கிச் சுற்றிப் பார்த்தது. இந்தப் பக்கமும் மணல். அந்தப் பக்கமும் மணல். இரண்டும் ஒரே மாதிரி இருந்தன. வரும்போது கடல் எந்தப் பக்கம் இருந்தது? அது கவனிக்கவே இல்லை.

பூங்கோதையை விட்டுவிட்டு அது ஒரு ராத்திரிகூட இருந்ததில்லை.

கொஞ்ச தூரத்தில் கருவாடு படுத்திருந்தது தெரிந்தது. போய்க் கேட்டிருக்கலாம். ஆனால் எப்படிக் கேட்பது? மத்தியானம்தான் என் இடம் என்று சொல்லி எழுப்பியிருக்கிறது. என் இடத்தில் எனக்கு வழி தெரியவில்லை என்று சாயங்காலம் போய் நிற்க முடியுமா? நாயிடம் நாய் கேட்டால்தானே அவமானம், நண்டிடம் கேட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்று யோசித்தது.

வளையை விட்டு ஒரு நண்டு கடலைப் பார்த்தபடி வெளியே வந்தது. ஜமீன் குரலைத் தாழ்த்தி, வேன் நிற்கிற இடத்துக்கு எப்படிப் போவது என்று கேட்டது.

"அதுவா? நேரா போ" என்றது நண்டு.

நண்டு எந்தப் பக்கம் பார்த்ததோ அந்தப் பக்கம் ஜமீன் நேராகப் போனது. நேராகக் கடலுக்குள் போனது. ஒரு அலை வந்து உருட்டி, மூக்கெல்லாம் உப்பும் மணலுமாகக் கரையில் கொண்டுவந்து போட்டது.

"நேரான்னு சொன்னியே?"

"நேராத்தான் சொன்னேன். நீ ஏன் கோணலா போற? என்னைப் பார்த்துக்க."

சொல்லிவிட்டு நண்டு பக்கவாட்டில் விறுவிறுவென்று ஓடியது. பிறகு அதே வேகத்தில் எதிர்ப்பக்கமும் ஓடியது. நண்டுக்கு இரண்டுமே நேர்தான். பாவம், அது பொய் சொல்லவில்லை. கடைசியில் தானே குழம்பிப்போய் வளைக்குள் இறங்கிவிட்டது.

ஹாரன் மறுபடியும் கேட்டது. இந்தத் தடவை விடாமல் அடித்தது.

இதற்கு மேல் கௌரவம் பார்க்க முடியாது. ஜமீன் காதை மடக்கி, வாலைக் காலுக்கு இடையில் வைத்துக்கொண்டு கருவாடு முன்னால் போய் நின்றது. நனைந்துபோய், பாதி உடம்பாகத் தெரிந்தது.

கருவாடு நிதானமாகக் கொட்டாவி விட்டது. "வாங்க ஜமீன்தாரே. உங்க எல்லையெல்லாம் நல்லா இருக்கா?"

"வழி தெரியலக்கா."

"உங்க இடத்துலயா?"

"என் இடம் இல்லக்கா. நிழல்ல படுத்திருந்த உங்களை எழுப்புனது தப்பு. வண்டி போயிடும்கா. பூங்கோதை அழுவா."

கருவாடு இன்னும் கொஞ்சம் கிண்டல் பண்ணத்தான் நினைத்தது. அதற்கு நல்ல நல்ல வசனமெல்லாம் வாயில் வந்தது. ஆனால் அழுவாள் என்று சொல்லும்போது ஜமீனுக்கே குரல் கம்மியதைக் கேட்டதும் வசனத்தை விழுங்கிவிட்டு எழுந்துவிட்டது.

"ஓடு. மூக்கைத் தூக்கு. இந்தக் காத்து கடல்லேருந்து அடிக்குது, இங்க நின்னா உப்பு வாசனை மட்டும்தான் வரும். மேட்டைத் தாண்டி ரோட்டுக்கு வா, ஊரு வாசனை தன்னால வரும்."

இரண்டும் மணல்மேட்டில் ஏறி, மணலில் படர்ந்த அடும்பங்கொடியில் கால் சிக்கி, மறுபக்கம் இறங்கின. ரோட்டுக்கு வந்ததும் காற்று கரையோரம் வரிசையாக இருந்த கடைகளையும் வண்டிகளையும் தாண்டி வந்தது. முதலில் பஜ்ஜி எண்ணெய் வாசனை. அப்புறம் டீசல். அப்புறம், மெலிதாக, பூங்கோதை மத்தியானம் பாவாடையில் கொட்டிக்கொண்ட தயிர்சாதம். ஜமீன் அப்படி ஓடியதே இல்லை.

வேன் கிளம்பத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. கதவைச் சாத்த விடாமல் பூங்கோதை காலை வெளியே நீட்டி உட்கார்ந்திருந்தாள். அவள் அப்பா கெஞ்சிக்கொண்டிருந்தார், டிரைவர் கத்திக்கொண்டிருந்தார். உப்பும் மணலுமாக ஜமீன் தாவி அவள் மடியில் விழுந்தது. அவள் அழுதுகொண்டே அதன் முதுகில் ஒரு அடி வைத்தாள். அப்புறம் கட்டிக்கொண்டாள்.

பின்னாலேயே மூச்சு வாங்கிக்கொண்டு வந்த கருவாடு, வேனை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தது. பிறகு பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் போய், ஒரு அவசரமும் இல்லாமல் டயரை நனைத்தது.

"தம்பி, இந்த வண்டி யாரு எல்லை?"

ஊரில் இருந்திருந்தால் ஜமீன் ரகளை பண்ணியிருக்கும். இப்போது அது பூங்கோதை மடியிலிருந்து தலையை மட்டும் நீட்டியது.

"உங்களதுதான்கா. அந்தப் பக்க டயரு காஞ்சு கிடக்கு, அதையும் பார்த்துட்டுப் போங்க."

வேன் கிளம்பியது. ஊர் வரைக்கும் வழியில் வந்த எந்தக் கம்பத்தையும் ஜமீன் ஏறெடுத்துப் பார்க்கவில்லை.

போய் இறங்கிய இடத்தில் உடனே சொந்தம் கொண்டாடாதீர்கள். திரும்பிப் போகிற வழியை அங்கே இருக்கிறவர்களிடம்தான் கேட்க வேண்டியிருக்கும்.