சுறா கொடுத்த குருத்து

அந்தக் காலத்தில் மீன்கள் கரையோரம் வந்து மனிதர்களோடு பேசிவிட்டுப் போகும். அப்போது மனிதர்களின் முழங்காலில் எலும்பும் எலும்பும் மட்டுமே இருந்தன. இடையில் ஒன்றும் இல்லை. நடந்தால் அம்மி அரைப்பது போலச் சத்தம் வரும். பத்தடிக்கு ஒருமுறை உட்காருவார்கள்.

சாத்தன் கரைவலை இழுப்பவன். கடலில் வளைத்துப் போட்ட வலையை இரண்டு கயிறுகளில் கரைக்கு இழுக்க வேண்டும். ஒரு கயிற்றில் அவன் முதல் ஆள். மற்றதில் அவன் மனைவி கொற்றியின் தம்பி எயினன். வலை கரை சேருவதற்குள் பாதிப் பேர் வலி தாங்காமல் கயிற்றை விட்டுவிடுவார்கள். மீன் போய்விடும்.

ஒருநாள் ஒரு சுறா வலையைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. கொற்றி இடுப்பளவு நீரில் நின்று மறித்தாள்.

"எங்க போற? கிழிச்சதுக்கு ஈடு குடுத்துட்டுப் போ."

"என்கிட்ட என்ன இருக்கு தாயி? எலும்புகூடக் கிடையாது. உடம்பெல்லாம் எலும்பு மாதிரி, ஆனா வளையுற குருத்துதான்."

"அதுலயே கொஞ்சம் குடு. இந்த மனுஷன் முழங்காலைப் பிடிச்சுக்கிட்டு முனகுறதைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது வலிக்குது."

சுறா பிறை போன்ற குருத்துத் துண்டுகளைக் கொடுத்தது.

"இதுல உங்க ரத்தம் ஓடக்கூடாது. எங்க குருத்துல ரத்தம் கலந்தா எங்க ஆளுங்களுக்கு வாடை தெரிஞ்சிரும். தண்ணியில கால் வெச்சவனை விடமாட்டாங்க."

"ரத்தம் இல்லேன்னா?" என்று கரையிலிருந்து கேட்டான் சாத்தன்.

"கிழிஞ்சா ஒட்டாது. ரத்தம் போற இடத்துலதான் புண் ஆறும்."

சாத்தன் சம்மதித்தான். எல்லோர் முழங்காலிலும் எலும்புகளுக்கு இடையில் குருத்து வந்தது. மனிதர்கள் ஓடத் தொடங்கினார்கள்.

ஐப்பசியில் நெத்திலிக் கூட்டம் வந்தது. சாத்தன் கயிற்றைத் தோளில் போட்டு, வலது காலைக் கணுக்கால்வரை மணலில் புதைத்து நின்றான். அந்தப் பக்கத்திலிருந்து எயினன் கத்தினான்.

"மச்சான்! இழுக்கிறீங்களா, கயித்துல சாஞ்சு தூங்குறீங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். சாத்தன் பதில் சொல்லத் திரும்பினான். இடுப்பு திரும்பியது, தொடை திரும்பியது. பாதம் மணலுக்குள்ளேயே இருந்தது. பனையோலை கிழிவது போல ஒரு சத்தம். விழுந்தான்.

மாலைக்குள் முழங்கால் வீங்கிவிட்டது. மடக்கினால் நீட்ட வரவில்லை. கொற்றி சுறாவைக் கூப்பிட்டாள்.

"ரத்தம் விட்டா ஆறிடும்," என்றது சுறா. "ஆனா அப்புறம் உங்க ஆளுங்க யாரும் கடல்ல கால் வைக்க முடியாது. சாத்தா, அன்னிக்குச் சம்மதிச்சவன் நீ. நீ சொல்றதுதான் எல்லாருக்கும்."

"ரத்தத்தை விடச் சொல்லுங்க," என்றாள் கொற்றி சாத்தனிடம். "உப்புக் காய்ச்சிப் பொழைச்சுக்கலாம்."

எயினன் தரையைப் பார்த்தபடி, "நெத்திலி இன்னும் பத்து நாளைக்கு இருக்கும் மச்சான்," என்றான்.

சாத்தன் காலை ஊன்றிப் பார்த்தான். ஊன்ற முடிந்தது.

"நாலு நாள் படுத்தா சரியாயிடும். ரத்தம் வேண்டாம்."

"வலி போயிடும்," என்றது சுறா. "கிழிசல் போகாது. கிழிஞ்ச ஓரம் மத்ததையும் தேய்க்கும். தினம் ஒரு மணல் அளவு. கடைசியில எலும்பும் எலும்பும் மறுபடி உரசும்."

"எப்போ?"

"இருபது வருஷம் ஆகும்."

சாத்தனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இருபது வருஷமா! நான் என்னமோ நாளைக்குன்னு நெனச்சேன்."

சுறா திரும்பிப் போனது. அதன் பிறகு அது மனிதர்களோடு பேசவில்லை.

ஐந்தாம் நாள் சாத்தன் கயிற்றைப் பிடித்தான். சில வாரங்களில் வலி போனது. இருபது வருஷம் வலை இழுத்தான். பிறகு முழங்கால் வெளிப்பக்கமாக வளைந்தது. காலையில் பிடித்துக்கொள்ளும். கொற்றி வறுத்த மணலைத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுத்தாள்.

"எந்திரிங்க, கஞ்சி ஆறுது," என்பாள்.

"இதோ," என்பான் சாத்தன். உடனே எழமாட்டான்.

தரையில் உட்கார்ந்த மனிதர்கள், எழுவதற்கு முன் ஒரு கையை முழங்காலில் ஊன்றிச் சற்று நேரம் அப்படியே இருப்பது, அன்று தொடங்கியதுதான்.