கஞ்சித்தொட்டியை மூடின ராசா

சாப்பிட்டுக்கிட்டே கேளுங்க, தட்டுல மிச்சம் வெச்சா கதை அந்த இடத்துலயே நின்னுரும், சொல்லிட்டேன்.

முன்னொரு காலத்துல, மழை பேஞ்சாத்தான் சோறுன்னு கிடந்த சீமை ஒண்ணு இருந்துச்சு, அதுக்குப் பேரு செங்கானூரு. அந்தச் சீமையை ஒரு ராசா ஆண்டுக்கிட்டு இருந்தான். கெட்டவன் இல்ல. ஆனா யாரு கடைசியா வந்து பேசுறாங்களோ அவங்க சொல்றதுதான் அவனுக்கு வேதம். அந்த ராசாவோட முப்பாட்டனாரு காலத்துலேர்ந்து அரண்மனை வாசல்ல ஒரு கஞ்சித்தொட்டி இருந்துச்சு. மத்தியானம் முரசு அடிச்சா, இல்லாதவங்க எல்லாரும் கலயத்தைத் தூக்கிட்டு வந்து வரிசையில நிப்பாங்க, ஆளுக்கு ஒரு கலயம் கேப்பைக் கஞ்சி, கடிச்சுக்க ஒரு வெங்காயம். யாரு என்னன்னு ஒரு கேள்வி கிடையாது.

இன்னொரு வழக்கமும் உண்டு, அதை நல்லா கேட்டுக்கோங்க. நடவுக்கும் களையெடுப்புக்கும் போற பொம்பளைங்க விடியறதுக்கு முன்னாடியே வந்து, கைப்புள்ளையையும் கண்ணு தெரியாத கிழடுகளையும் அந்தத் தொட்டிக் கொட்டகையில விட்டுட்டுத்தான் வயலுக்குப் போவாங்க. கஞ்சி ஊத்துற அம்மாளுங்களே புள்ளைகளையும் பாத்துக்குவாங்க. இது யாரும் போட்ட சட்டம் இல்ல, தானா உண்டான வழக்கம். அதனால அரண்மனையில ஒருத்தருக்கும் தெரியாது.

அந்த ஊருக்குப் புதுசா ஒரு மந்திரி வந்தான், பேரு அகோரம். நாலு ஊரு சாஸ்திரம் படிச்சவன். அவன் ஒருநாள் நல்ல உச்சி வெயில்ல பல்லக்குல ஏறி அந்தப் பக்கம் போனான். போனா, கொட்டகை நிழல்ல அம்பது அறுபது ஆளு கஞ்சியைக் குடிச்சுட்டு துண்டை விரிச்சுப் படுத்துக் கிடக்குறாங்க. எல்லாம் அறுப்புக்காரங்க, விடியக்காலையிலேர்ந்து குனிஞ்ச இடுப்பு. உச்சி வெயிலுக்குக் கொஞ்சம் சாஞ்சிருக்காங்க, அவ்வளவுதான். காலையில வந்திருந்தா கொட்டகையில குஞ்சு குளுவானைத் தவிர ஒருத்தரையும் பாத்திருக்க மாட்டான். எந்த நேரத்துல வந்து பாக்கணும்னு தெரியல, படிச்ச படிப்பு மட்டும் மூட்டை மூட்டையா இருக்கு!

அப்புறம் நேரா ராசாகிட்டப் போனான். "மகாராசா, கொள்ளை போகுது! திடகாத்திரமான ஆளுங்க தின்னுட்டுத் தூங்குறானுங்க. சும்மா கிடைக்கும்போது எவன் வேலைக்குப் போவான்? தொட்டியை மூடுங்க. வயிறு காய்ஞ்சா கால் தானா வயலுக்கு நடக்கும்."

ராசா யோசிச்சான். "அதுவும் சரிதானே"ன்னான். மறுநாள் முரசு அடிக்கல, கஞ்சி ஊத்துற அம்மாளுங்களும் வீட்டுக்குப் போயிட்டாங்க, கொட்டகையும் காலி.

நான் பொய் சொல்லக் கூடாது. மந்திரி சொன்ன மாதிரி ஒருத்தன் வேலைக்குப் போனான். குண்டோசின்னு ஒருத்தன், உடம்பு வணங்காதவன், தொட்டி மூடினதும் வேற வழியில்லாம கயிறு திரிக்கப் போயி நல்லாவே பிழைச்சான். ஆனா ஒரு குண்டோசியைப் பாத்துட்டு ஊரையே குண்டோசின்னு நெனச்சா என்ன பண்றது?

அந்த ஊர்லயே சடச்சின்னு ஒருத்தி. புருசன் பாம்பு கடிச்சுச் செத்துட்டான். இடுப்புல ஒரு வயசுப் பொண்ணு, வீட்டுல கண்ணு தெரியாத மாமியா. நாத்து நடுறதுல அவளை மிஞ்ச ஆளில்ல, அவ நட்ட வரிசை கோணாது. அடுத்தவ வீட்டு முருங்கைக்காய் வாசல்ல விழுந்து கிடந்தாலும் எடுத்துக் கொண்டுபோயிக் குடுத்துட்டு வருவா, அப்படிப்பட்டவ.

தொட்டி மூடின முதல் நாள், புள்ளையை வயலுக்கே தூக்கிட்டுப் போனா. அது வரப்புல கிடந்து வீல் வீல்னு கத்துச்சு, பண்ணைக்காரரு வந்து, "ஏத்தா, நீ நாத்து நட வந்தியா, தாலாட்டுப் பாட வந்தியா? வீட்டுக்குப் போ"ன்னுட்டாரு. ரெண்டாம் நாள், மாமியாகிட்ட விட்டுட்டுப் போனா. பாவம் அந்தக் கிழவி, காதை வெச்சு மட்டும் எத்தனை நேரம் பாக்கும்? புள்ளை தவழ்ந்து தவழ்ந்து கிணத்து மேட்டுக்கே போயிருச்சு! எதிர்வீட்டுக்காரி ஓடிவந்து ஒரு காலைப் பிடிச்சு இழுத்தா, இல்லேன்னா... மூணாம் நாள் சடச்சி வேலைக்கே போகல.

ஏண்டி செவந்தி, வாயைப் பொளந்துக்கிட்டு இருக்கே? சோத்தைப் பிசைஞ்சு தின்னு.

பாத்தீங்களா, வேலைக்குப் போகட்டும்னு தொட்டியை மூடினாங்க, மூடினதால வேலைக்குப் போயிக்கிட்டு இருந்தவளும் நின்னுட்டா. சடச்சி மட்டுமா? ஊர்ல பாதிப் பொம்பளைங்க அப்படித்தான். வயல்ல நாத்து முத்திப் போச்சு, நட ஆளில்ல.

அப்புறம் ராசா மந்திரியைக் கூப்பிட்டுக் கேட்டான், "என்ன மந்திரி, ஜனங்க வேலைக்குப் போறாங்களா?"

"போறாங்க மகாராசா. களத்துல நெல்லு திருடு போகுது, அதுக்குக் காவலுக்கு நூறு பேரைச் சேத்திருக்கேன். நூறு பேருக்கு வேலை!"

ராசாவுக்குச் சந்தோசம். கொஞ்ச நாள் போச்சு, திரும்பக் கேட்டான், "என்ன மந்திரி, வேலைக்குப் போறாங்களா?"

"போறாங்க மகாராசா. பிடிபட்ட திருடனுங்களை வைக்க இடமில்ல, புதுசா சிறைச்சாலை கட்டுறோம். கொத்தன், சித்தாள்னு இருநூறு பேருக்கு வேலை!"

ராசாவுக்கு இன்னும் சந்தோசம். இன்னும் கொஞ்ச நாள் போச்சு, மறுபடி கேட்டான், "என்ன மந்திரி, வேலைக்குப் போறாங்களா?"

"போறாங்க மகாராசா. சிறையில அடைச்சவனுங்களுக்குக் கஞ்சி காய்ச்ச ஆளு போட்டிருக்கேன், அண்டா தூக்க ஆளு போட்டிருக்கேன், விறகு பொளக்க ஆளு போட்டிருக்கேன்!"

அடப்பாவி! வாசல்ல காய்ச்சின கஞ்சியை நிறுத்திட்டு அதே கஞ்சியைச் சிறைக்குள்ள கொண்டுபோயிக் காய்ச்சுறான், அதைக் கேட்டுட்டு ராசா தலையை ஆட்டுறான்! வாசல்ல ஒரு அண்டா காய்ஞ்சுச்சு, இப்போ உள்ள நாலு அண்டா காயுது. இதுக்கு மேல காவல்காரனுக்குக் கூலி, கொத்தனுக்குக் கூலி. அப்பவும் ராசாவுக்கு உறைக்கல.

சிறை நிரம்பிருச்சு. மந்திரி பாத்தான், பயம் வந்தாத்தான் அடங்குவானுங்கன்னு ஒருநாள் காலையில தண்டோரா போட்டான்: இன்னிலேர்ந்து திருடுறவனுக்கு முதல்ல வலது கை வெட்டப்படும், அப்புறம் சிறை.

அதே நாள் மத்தியானம், சபை கூடியிருக்கு. ராசா உக்காந்திருக்கான், மந்திரி வெத்தலை போட்டுக்கிட்டு இருக்கான், பக்கத்துல அவன் துப்புற வெள்ளிப் படிக்கம். சடச்சி வந்தா. இடுப்புல புள்ளை. அழக்கூட தெம்பில்லாம தோள்ல தலையைச் சாச்சுக்கிட்டு கிடக்கு. மனு குடுக்க வந்தவன்னு எல்லாரும் வழி விட்டாங்க. இவ நேரா போனா, அந்தப் படிக்கத்தைத் தூக்கினா, கக்கத்துல இடுக்கிக்கிட்டா, அங்கேயே நின்னா.

பட்டப்பகல்ல, ராசா கண்ணு முன்னாடி! வாசல்ல நின்ன ஒருத்தன் பொறுக்க மாட்டாம, "ஓடுடி, ஓடித் தொலைடி!"ன்னு கத்திட்டான். அவ அசையல. காவல்காரனோ, ஓடாத திருடனை எப்படிப் பிடிக்கிறதுன்னு தெரியாம கையைப் பிசைஞ்சுக்கிட்டு நின்னான்.

ராசா கேட்டான், "ஏம்மா, திருடினவ ஓடாம ஏன் நிக்கிறே?"

"ஓடினா எனக்கு எப்படி மகாராசா கஞ்சி கிடைக்கும்? சிறையில ரெண்டு வேளை ஊத்துறாங்களாம், தாயோட இருக்குற புள்ளைக்கும் ஊத்துறாங்களாம். என் மாமியா அவங்க பங்கைப் புள்ளைக்கு ஊட்டி ஊட்டியே முந்தாநாள் போய்ச் சேந்துட்டாங்க. இனிமே ஊட்டுறதுக்கு எங்கிட்ட ஒண்ணுமில்ல."

"இன்னிக்குக் காலையில தண்டோரா போட்டாங்களே, கையை வெட்டுவாங்கன்னு, கேக்கலையா?"

சடச்சிக்கு முகம் செத்துப் போச்சு. "புள்ளை முனகிக்கிட்டே இருந்துச்சு மகாராசா, எனக்கு வேற எதுவும் கேக்கல"ன்னா. சொல்லிட்டுத் தன் வலது கையை ஒருதரம் பாத்தா. நாத்து நடுற கை அது.

மந்திரி எழுந்தான். "சட்டம் சட்டம்தான் மகாராசா. இவளை விட்டா ஊரே திருடும்."

அப்பத்தான் வாசல்ல ஒரு சலசலப்பு. ராசா எட்டிப் பாத்தான். பாத்தவன் அப்படியே ஆணியடிச்சாப்ல நின்னுட்டான். கோட்டை வாசல் வரைக்கும் வரிசை! ஒருத்தன் கையில கோழி, ஒருத்தி கையில அகப்பை, ஒருத்தன் கையில வேலியில பிடுங்கின குச்சி. எதையோ ஒண்ணைத் திருடி, தாங்களே கொண்டுவந்து, பிடிச்சு உள்ள போடுங்கன்னு நிக்கிறாங்க. அன்னிக்குக் கஞ்சிக்கு நின்ன அதே ஜனம்.

முன்னால நின்னவரு ஒரு கிழவரு, ஆயுசு பூரா அறுப்பு அறுத்தவரு. ராசா அவருகிட்டக் கேட்டான், "பெரியவரே, நீங்களாவது தண்டோராவைக் கேட்டீங்களா?"

"கேட்டேன் சாமி."

"கையை வெட்டுவாங்கன்னு தெரிஞ்சுமா வந்தீங்க?"

"ஒரு கை போனா இன்னொரு கை இருக்குல்ல சாமி, கலயம் பிடிக்க"ன்னாரு. சாதாரணமா சொன்னாரு, மழை வருமா வராதான்னு பேசுற மாதிரி.

இருங்க, தண்ணி குடிச்சுக்கிறேன்.

ராசாவுக்குக் கண்ணுல தண்ணி. "எல்லாரும் வீட்டுக்குப் போங்க, நாளைக்குத் தொட்டியைத் திறக்குறேன்"ன்னான். ஒருத்தர் நகரல. சடச்சிதான் கேட்டா, "நாளைக்குச் சரி மகாராசா, இன்னிக்கு?" ராசா வெக்கிப்போனான். நாளைக்குன்னு சொல்றது எவ்வளவு சுலபம் பாருங்க, வயிறு நிறைஞ்சவனுக்கு! உடனே சிறையில காய்ஞ்ச அண்டாவை வாசலுக்குத் தூக்கச் சொல்லி, முதல் அகப்பையைச் சடச்சி புள்ளைக்கு ஊத்தச் சொன்னான். அது ஒவ்வொரு வாயா முழுங்கினதை ராசா நின்ன இடத்துலயே நின்னு பாத்தான். கொட்டகையில புள்ளையை விட்டுட்டு வேலைக்குப் போய்க்கிட்டு இருந்ததைச் சடச்சி அப்பத்தான் அவன்கிட்டச் சொன்னா.

அப்புறம் திரும்பினான். "மந்திரி, வயிறு காய்ஞ்சா கால் தானா வயலுக்கு நடக்கும்னு சொன்னியே, நீ நடந்து காட்டு. உன் அப்பா எழுந்து நடக்க முடியாம கிடக்காரு இல்ல, அவரைத் தூக்கிக்கோ. வேலையாள் துணை கிடையாது, வீட்டுப் பண்டம் கிடையாது. கூலி வேலை செஞ்சு உங்க ரெண்டு பேரு வயித்தையும் நீயே கழுவு."

மந்திரி அப்பாவை முதுகுல சுமந்துக்கிட்டுப் பண்ணைக்குப் போனான். "கிழவரை வீட்டுல விட்டுட்டு வா"ன்னாங்க. செக்கடிக்குப் போனான். "கிழவரை விட்டுட்டு வா"ன்னாங்க. சூளைக்குப் போனான். "விட்டுட்டு வா"ன்னாங்க. எங்கே விடுவான்? விடுற கொட்டகையை இவன்தானே மூடினான், அதைப் பாத்துக்க இன்னும் ஆளு வரல! அரண்மனைத் தொட்டி திறந்துதான் இருந்துச்சு, ஆனா அந்த வரிசையில போயி நிக்க அவனுக்கு மானம் தடுத்துச்சு. ரெண்டு நாள் பட்டினி. மூணாம் நாள் அவன் அப்பா கண்ணு சொருகிக்கிட்டு, "ஏதாவது குடுப்பா"ன்னாரு.

பக்கத்துல ஒரு வெள்ளரித் தோட்டம். மந்திரி வேலியைத் தாண்டினான், ஒரு பிஞ்சைப் பறிச்சான், பிடிச்சுட்டாங்க. யாரு? அவன் வேலைக்கு வெச்ச காவல்காரனேதான்.

சபைக்கு இழுத்துட்டு வந்தாங்க. சனம் பூரா கூடிருச்சு. வெட்டுக்கத்தியும் வந்துச்சு. ராசா கேட்டான், "அகோரம், நீ போட்ட சட்டம் இது. நாலு ஊரு படிச்சவன் நீ. ஏன் திருடினே, சொல்லு."

மந்திரி படிச்சதையெல்லாம் தேடிப் பாத்தான். சாஸ்திரத்துல ஒண்ணும் அகப்படல.

"பசிச்சுது மகாராசா"ன்னான்.

அவ்வளவுதான் சொன்னான். ஒருத்தரும் சிரிக்கல. சடச்சிதான் முன்னால வந்தா. "கையை வெட்டாதீங்க மகாராசா. வெட்டினா அந்தக் கிழவருக்கு யாரு ஊட்டுவா?"

ராசா அந்தச் சட்டத்தை அன்னிக்கே தூக்கிப் போட்டான். அகோரத்துக்கு மந்திரி வேலை போச்சு, பல்லக்கு போச்சு, குடுத்த நிலபுலம் எல்லாம் போச்சு. அவனைக் கொட்டகையிலயே வெச்சுட்டாங்க, வயலுக்குப் போற பொம்பளைங்க விட்டுட்டுப் போற புள்ளைகளுக்கு மூக்குத் துடைக்கவும் கால் கழுவிவிடவும். மறுநாள் விடியறதுக்கு முன்னாடி முதல் ஆளா வந்தது சடச்சி. தன் பொண்ணை இடுப்புலேர்ந்து இறக்கினா. அவனை ஒரு நிமிசம் உத்துப் பாத்தா. கிணத்தையும் நெனச்சா, மாமியாளையும் நெனச்சா. அப்புறம் அவன் கையிலயே புள்ளையைக் குடுத்துட்டு, நடவுக்கு நேரமாச்சுன்னு நடந்தா.

பசிச்ச வயித்தைப் பூட்டி வெச்சா அது வேலைக்குப் போகாது கண்ணுகளா, வேலியைத்தான் தாண்டும். அந்தச் சீமையில கலயம் நிறைஞ்சுச்சு, என் கதையும் நிறைஞ்சுச்சு, தட்டைக் கழுவி வெச்சுட்டுப் போங்க.