துடைத்த செம்மண் பொட்டு

கரட்டுக் காட்டில் வற்றிப்போன குளம் ஒன்று இருந்தது. அதன் நடுவில் மயிலக்கா சிலம்ப வகுப்பு நடத்தினாள். முயல், அணில், கீரி என்று எல்லா வீட்டுக் குட்டிகளும் மாலையானால் ஆளுக்கொரு குச்சியோடு வந்துவிடும்.

குச்சி முனையில் செம்மண் குழைத்துத் தடவியிருக்கும். யார் உடம்பில் பொட்டு விழுகிறதோ அவருக்குத் தோல்வி. மயிலக்காவுக்கு ஒரே ஒரு கண்டிப்புதான். அடி பட்டவர் தானே வாய்விட்டு "பட்டது" என்று சொல்ல வேண்டும்.

"நானும் சொல்ல மாட்டேன், எதிராளியும் சொல்லக் கூடாது. பட்ட உடம்புக்குத்தான் முதல்ல தெரியும்" என்பாள்.

கீரி மூக்கையனுக்கு ஒரே மகள், பெயர் செவ்வந்தி. மூக்கையன் சின்ன வயதில் எந்தப் போட்டியிலும் ஜெயித்ததில்லை. பாவம், வருஷா வருஷம் "பட்டது" என்று சொல்லிவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்குப் போனவன். மகளாவது ஒரு தடவை ஜெயிக்கட்டும் என்று ஏங்கினான். அதைக் குறை சொல்ல முடியுமா? பெற்ற மனசு. ஆனால் அவன் செய்த வேலை இருக்கிறதே, அதைத்தான் சொல்ல வந்தேன்.

போட்டி நாளன்று செவ்வந்தியும் அணில் குட்டி வரியனும் கடைசிச் சுற்றில் மோதினார்கள். வரியனின் குச்சி செவ்வந்தியின் முதுகில் லேசாக உரசியது. மயிலக்கா நின்ற இடத்திலிருந்து அது தெரியவில்லை. செவ்வந்தி சொல்ல வாயைத் திறந்தாள். கரையில் உட்கார்ந்திருந்த அப்பா, வேண்டாம் என்று தலையை ஆட்டினான்.

அவள் வாயை மூடிக்கொண்டாள். மூக்கையன் தண்ணீர் கொடுப்பதுபோல் ஓடிவந்து, வாலால் அந்தப் பொட்டைத் துடைத்துவிட்டான். வரியன் எல்லாவற்றையும் பார்த்தான்; எதிராளி சொல்லக் கூடாதே என்று மறுபடி குச்சியை ஓங்கினான். அடுத்த வீச்சில் செவ்வந்தியின் குச்சி அவன்மேல் பட்டது. "பட்டது" என்று சொல்லிவிட்டு அவன் குச்சியைக் கீழே வைத்தான்.

பரிசாகக் கிடைத்த தேனடையை மூக்கையன் காடு முழுக்கக் காட்டிவிட்டு வந்தான். செவ்வந்தி அதைத் தொடக்கூட இல்லை.

"ஏன் தாயி, பிடிக்கலையா?"

"பசிக்கலப்பா."

மறுநாள் காலை இருவரும் இரை தேடப் போனார்கள். கள்ளிப் புதரிலிருந்து ஒரு விரியன் பாம்பு பாய்ந்தது. செவ்வந்தி சட்டென்று சுழன்று, அதைக் கவ்வி உதறி விரட்டினாள். மூக்கையனுக்குப் பெருமை தாங்கவில்லை.

"எங்கேயாவது பட்டுச்சா தாயி?"

"இல்லப்பா."

சொல்லிக்கொண்டே பின்னங்காலைப் புல்லில் துடைத்தாள். பத்தடி நடந்திருப்பார்கள். அவள் கால்கள் பின்னின, கண் சொருகியது. மூக்கையன் பதறிப்போய்க் குனிந்து பார்த்தால், காலில் இரண்டு சிவப்புப் புள்ளிகள்.

"ஐயோ, கடிச்சிருக்கே! ஏன் சொல்லல?"

"சொன்னா தோத்துப்போயிருவேன்ல... நேத்து நீங்கதானப்பா துடைச்சுவிட்டீங்க."

மூக்கையன் மகளை முதுகில் போட்டுக்கொண்டு மயிலக்காவிடம் ஓடினான். அவள் பச்சிலையைக் கசக்கிக் கடிவாயில் அப்பினாள், சாற்றை வாயில் விட்டாள்.

"கடிச்ச உடனே சொல்லியிருந்தா ஒரு இலை போதும். இனிப் பொழுது சாயுற வரைக்கும் எதுவும் சொல்றதுக்கில்ல. யாரு இவளை மறைக்கப் பழக்கினது?" என்று கேட்டாள்.

மூக்கையன் மகளின் காலைப் பிடித்தபடியே நாள் முழுக்க உட்கார்ந்திருந்தான். மாலையில் செவ்வந்தி மெல்லக் கண்ணைத் திறந்தாள்.

"அப்பா, பட்டுச்சுப்பா" என்றாள். அவன் அழுதுவிட்டான்.

கால் ஆறி அவள் வகுப்புக்குத் திரும்பிய அன்று, மூக்கையனும் அந்தத் தேனடையோடு வந்தான். அதை வரியன் முன்னால் வைத்தான்.

"இது உன்னுது தம்பி. அன்னைக்கு என் மக முதுகுல இருந்த பொட்டைத் துடைச்சது நான்தான்" என்று எல்லார் காதிலும் விழும்படி சொன்னான். பிறகு ஒரு குச்சியை எடுத்தான். "வா, என்னோட ஒரு சுற்று ஆடு."

மூன்றாவது வீச்சிலேயே வரியனின் குச்சி மூக்கையனின் தொப்பையில் பட்டது. பொட்டு நன்றாகப் பெரிதாகவே விழுந்தது. குட்டிகள் விழுந்து விழுந்து சிரித்தன. மூக்கையன் துடைக்கவில்லை. கரையில் நின்ற மகளைப் பார்த்துக்கொண்டே உரக்கச் சொன்னான்: "பட்டது!"

பிள்ளையின் தோல்வியை மறைக்கும் பெற்றோர், அந்தப் பிள்ளைக்குத் தன் காயத்தையும் மறைக்கக் கற்றுக்கொடுத்துவிடுகிறார்கள்.