டீ கிளாஸ் வைத்த மூலை

"மேடம், நாளைக்கு நான் கடைசியில பேசட்டுமா?"

கேட்டவள் பெனிட்டா. கட்டடக் கலைப் படிப்பின் கடைசி ஆண்டு. பயிற்சிக்கென்று மார்த்தாண்டத்திலிருந்து மதுரைக்கு வந்து, மங்கையர்க்கரசியின் அலுவலகத்தில் சேர்ந்திருந்தாள்.

அந்த அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. மேசையில் வரைபடத்தை விரித்ததும், புதிதாக வந்தவர்தான் முதலில் வாயைத் திறக்க வேண்டும். தலைவியான மங்கையர்க்கரசி கடைசியில்தான் பேசுவார்.

"ஏம்மா, என்னாச்சு?"

"எல்லாரும் சிரிக்கிறாங்க. இன்னைக்கு மாடிப்படி செங்குத்தா இருக்குன்னு சொன்னேன். அது படியே இல்ல, புத்தக அலமாரின்னு சுந்தரவேல் அண்ணன் விழுந்து விழுந்து சிரிச்சாரு."

"சரி. யாரு முதல்ல பேசணும்ங்கற?"

"நீங்கதான் மேடம். நீங்க சொல்லிட்டா எங்களுக்கு ஒரு வழி தெரியும்."

மங்கையர்க்கரசி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அப்படியே செய்வோம்."

அந்த அறையை நினைத்தால் பெனிட்டாவுக்கு இன்றைக்கும் மனசு இளகிவிடும். தலைக்கு மேலே ஒரு கிழட்டு மின்விசிறி. ஓடினால் காகிதம் பறக்கும், நின்றால் ஆள் வெந்துபோவார். அதனால் வரைபடத்தின் மூலைக்கு மூலை டீ கிளாஸ்.

மங்கையர்க்கரசி தம் கிளாஸை எப்போதும் வலது பக்கக் கீழ் மூலையில்தான் வைப்பார். வரைந்தவர் பெயர் இருக்கிற இடம் அது. அங்கே வேலை பார்த்த யாருடைய பெயரும் பழுப்பு வட்டத்துக்குத் தப்பியதில்லை.

"வேற இடமே கிடைக்கலயா மேடம்?" என்று சுந்தரவேல் அலுத்துக்கொள்வார்.

"என் கைக்கு எட்டுறது அதுதான்ப்பா" என்பார் அவர்.

மறுநாள் ஒரு மழலையர் பள்ளிக்கான வரைபடம் மேசைக்கு வந்தது. மங்கையர்க்கரசி கிளாஸைக் கையிலேயே வைத்துக்கொண்டார். அந்த மூலையில் ஓர் அடிக்கோலை வைத்தார். கோலுக்குப் பக்கத்தில் அவருடைய பெயர் பளிச்சென்று தெரிந்தது.

"இது நான் போட்டது. சின்னப் பிள்ளைங்க வகுப்பைத் தெற்கு மூலையில வச்சிருக்கேன். வேப்பமர நிழல் இருக்கு. எனக்கு இதுதான் சரின்னு படுது."

"அருமை மேடம்" என்றார் சுந்தரவேல்.

"கண்ண மூடிட்டு அனுப்பலாம்" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

கேட்டபடியே பெனிட்டாவின் முறை கடைசியில் வந்தது.

போன வாரம் இடத்தை அளக்கப் போனவள் அவள். அளந்துகொண்டிருக்கும்போதே மழை பிடித்துக்கொண்டது. அந்தத் தெற்கு மூலையில் கணுக்கால் வரை தண்ணீர் நின்றது. செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டுதான் திரும்பி வந்தாள்.

வாய் என்னவோ, "நல்லாயிருக்கு மேடம்" என்றது.

யாரும் சிரிக்கவில்லை.

சாயங்காலம் அனுப்புவதற்காக வரைபடத்தைச் சுருட்டி வைத்துவிட்டார்கள். மத்தியானம் பெனிட்டாவுக்குச் சோறு இறங்கவில்லை. பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவிவிட்டு மங்கையர்க்கரசியிடம் போனாள்.

"மேடம், அந்த மூலையில தண்ணி நிக்கும்."

"எப்பத் தெரியும்?"

"போன வாரமே. நானே கால் நனைஞ்சு வந்தேன்."

மங்கையர்க்கரசியின் முகம் வாடிவிட்டது.

"நான் போனது நல்ல வெயில்லம்மா. எனக்குத் தெரியாதே."

"நீங்க சொல்லிட்ட பிறகு நான் எப்படி மேடம் மறுத்துப் பேசறது? ஒரு மரியாதைதான்..."

"ஐப்பசி மழையில அந்தப் பிள்ளைங்க ஈரக் காலோட நிக்கும். உன் மரியாதைய எடுத்துட்டுப் போய்த் துவட்டி விடு."

சொல்லிவிட்டு, சுருட்டியதைப் பிரித்தார். எல்லாரையும் கூப்பிட்டார். கிளாஸ்கள் பழையபடி மூலைகளுக்கு வந்தன.

"பெனிட்டா, ஆரம்பி."

"மேடம்... இதுல பிள்ளைங்க படிக்க முடியாது. வேணும்னா நீச்சல் கத்துக்கலாம்."

அறையே சிரித்தது. எல்லாரையும்விடப் பலமாகச் சிரித்தவர் மங்கையர்க்கரசி.

அது ஒரு காலம்.

இப்போது பெனிட்டாவுக்குச் சென்னையில் சொந்த அலுவலகம். ஏசி இருக்கிறது, காகிதம் பறப்பதில்லை. இங்கேயும் புதியவர்தான் முதலில் பேச வேண்டும் என்று விதி வைத்திருக்கிறாள். விதி இருக்கிறது, பேச்சுதான் இல்லை. மதுரையில் சிரித்த மாதிரி இங்கே யாரும் சிரித்ததும் இல்லை. என்ன குறை என்று அவளுக்குப் பிடிபடவே இல்லை.

நேற்று ஒரு மருத்துவமனையின் வரைபடத்தை விரித்தாள். பயிற்சிக்கு வந்திருக்கும் இளம்பரிதி குனிந்து பார்த்தான். அவசரச் சிகிச்சை வாசலில் விரலை வைத்தான். ஏதோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் அவன் கண் வலது பக்கக் கீழ் மூலையில் இருந்த பெனிட்டாவின் பெயருக்குப் போனது.

விரலை எடுத்துவிட்டான்.

"சூப்பரா இருக்கு மேடம்."

பெனிட்டாவுக்குச் சுருக்கென்றது. அந்தப் பழுப்பு வட்டங்கள் எல்லாம் ஒன்றாகக் கண்முன் வந்தன. மங்கையர்க்கரசியை அந்த நிமிடமே பார்க்க வேண்டும் போலிருந்தது. கண் நிறைந்துவிட்டது.

டீ வரவழைத்தாள். ஒரு வாய் குடித்தாள். கிளாஸைத் தன் பெயர் மேல் வைத்தாள்.

"ஐயோ மேடம், கறை படும்!"

"படட்டும். அந்த வாசலைப் பத்தி என்னமோ சொல்ல வந்தியே, சொல்லு."