பின் சீட்டில் கோலமாவு

உலகத்தில் ஸ்போர்ட்ஸ் கார் செய்கிறவர்கள் எல்லாம் ஒருவர் பின் ஒருவராக எஸ்யூவி செய்யப் போய்விட்டார்கள். கடைசியில் எங்கள் முறையும் வந்தது.

கோவைக்கு வெளியே, சூலூர்ப் பக்கம் இருக்கிறது எங்கள் வல்லூறு தொழிற்சாலை. ஆரம்பித்த நாளிலிருந்து இரண்டு பேர் உட்காரும் கார் மட்டும்தான் செய்தோம். தரையோடு தரையாகப் பறக்கும். ஊருக்குள் வேகத்தடையைக் கண்டால் அழும். அதைச் சொல்லி யாராவது சிரித்தால், "மெதுவா போகணும்னா பஸ்ல போங்க" என்போம். திமிர்தான். ஆனால் உழைத்துச் சம்பாதித்த திமிர்.

அந்தக் காரை உருவாக்கியவர் ரங்கநாயகி. ஒரு காலத்தில் பந்தயங்களில் ஓட்டியவர். முதலாளியிலிருந்து வாட்ச்மேன் வரை எல்லோருக்கும் அவர் மாஸ்டர். அடுத்தவர் ஓட்டும் வண்டியில் அவர் கண்ணை மூடியதே கிடையாது. பக்கத்திலிருக்கும் திருப்பூருக்குப் போனாலும், விழித்துக்கொண்டு டிரைவருக்குப் பாடம் நடத்துவார்.

அவரிடம் வேலை கற்று, தலைமைப் பொறியாளராக வளர்ந்தவர் செங்கோடன். அவருக்கும் காதோரம் நரைத்துவிட்டது. புது எஸ்யூவி அவர் கைவேலை. ஐந்து பேர் உட்காரலாம். உள்ளே எங்கே தொட்டாலும் தோல், எங்கே பார்த்தாலும் பளபளப்பு.

சோதனை ஓட்டத்தன்று காலையில், ஓடுபாதைக்குப் பக்கத்தில் செங்கோடன் மாஸ்டரிடம் கேட்டார்.

"மாஸ்டர், இதுக்கும் நம்ம வல்லூறு சின்னத்தைப் போடலாமுங்களா?"

"ஏன் கேக்கறே?"

"வெளியில கேலி பேசறாங்க. எருமைக்கு இறக்கை கட்டறோம்ங்கறாங்க."

"நீ என்ன சொன்னே?"

"ஓட்டிப் பாத்துட்டுப் பேசுங்கன்னேன்."

"சரியாத்தான் சொல்லியிருக்கே. பாத்துடலாம்."

சின்னம் என்றால் உள்ளங்கை அளவுப் பித்தளை வல்லூறு. அதைக் கொடுப்பதும் மறுப்பதும் மாஸ்டர் ஒருவர் கையில்தான். மறுத்தால் வண்டியை வேறு பெயரில் விற்றுக்கொள்வதாக முதலாளி சொல்லிவிட்டார். அப்படி நடந்தால் அன்றைக்கே வேலையை விட்டுவிடுவதாகச் செங்கோடனும் சொல்லிவிட்டார். வல்லூறு இல்லாத வண்டிக்கு அப்பன் என்று பெயர் எடுக்க அவருக்கு மனமில்லை.

சின்னம் தருவதற்கு மாஸ்டர் ஒரு முறை வைத்திருந்தார். புது வண்டியை அவர் ஓட்ட மாட்டார். செருப்பைக் கழற்றிவிட்டு, ஓட்டுபவருக்குப் பக்கத்து சீட்டில் உட்காருவார். காலடியில் விரித்திருக்கும் கறுப்பு ரப்பர் மிதியடியில் கோலமாவைத் தூவச் சொல்வார். பக்கத்தில் இருப்பவருக்குப் பயம் வந்தால், இல்லாத பிரேக்கைக் கால் தானாகத் தேடும். மாவு கலையும். வண்டி நின்றதும் மிதியடியைப் பார்த்தால் போதும், வேறு பேச்சே வேண்டாம்.

செங்கோடன் கோலமாவைத் தன் கையாலேயே தூவினார். மாஸ்டர் முன்னால் ஏறி உட்கார்ந்தார்.

செங்கோடன் ஓட்ட, வண்டி கிளம்பியது. அத்தனை பெரிய உடம்பு அப்படிப் போகும் என்று நாங்கள் யாருமே எதிர்பார்க்கவில்லை. மாஸ்டர் ஒரு காலத்தில் எங்கள் முதல் வல்லூறை இதே பாதையில் ஒரு சுற்று ஓட்டி எடுத்த நேரம் சுவரில் எழுதியிருக்கிறது. அதற்கு மயிரிழை பின்னால் வந்து நின்றது இந்த எஸ்யூவி. மிதியடியில் மாவு இரண்டு மூன்று இடத்தில்தான் கலைந்திருந்தது. நாங்கள் விசில் அடித்தோம். செங்கோடன் சின்னத்துக்காகக் கையை நீட்டினார்.

மாஸ்டர் இறங்கி, பின் கதவைத் திறந்தார்.

பின் சீட்டின் மேல் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் அப்படியே இருந்தது. அத்தனை மாத சோதனையில் அங்கே ஒருவர்கூட உட்காரவில்லை. இரண்டு சீட்டு வண்டியையே செய்து பழகியவர்கள் நாங்கள். பின்னால் ஆள் வரும் என்பது யாருக்குமே தோன்றவில்லை.

"உறையைக் கிழி. மாவு தூவு," என்றார் மாஸ்டர்.

செங்கோடன் தூவினார். "ஏறுங்க மாஸ்டர்."

"நானில்லை, நீ ஏறு. ஷூவைக் கழட்டு. நான் ஓட்டறேன்."

செங்கோடன் சிரித்துக்கொண்டேதான் ஏறினார். முதல் வளைவு வரைக்கும் அந்தச் சிரிப்பு இருந்தது. அதற்குப் பிறகு எங்களைக் கடந்து போகும்போதெல்லாம் ஜன்னல் கண்ணாடியில் அவர் கன்னம் அப்பிக்கொண்டிருந்தது. ஒரு முறை தலை கூரையில் இடிப்பதைப் பார்த்தோம். சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றோம்.

வண்டி நின்றது. செங்கோடன் கதவைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கினார்.

மாஸ்டர் மிதியடியைப் பார்த்தார். மாவு ஒரு இடத்திலும் தூவியபடி இல்லை. செங்கோடன் இரண்டு காலாலும் உழுது வைத்திருந்தார்.

"பயந்துட்டியா?"

"இல்லீங்க."

"அப்ப இதை மிதிச்சது யாரு?"

செங்கோடனுக்கு முகம் சிவந்துவிட்டது. "நீங்க வேணும்னே முரட்டுத்தனமா ஓட்டினீங்க."

"நீ ஓட்டின மாதிரிதான் ஓட்டினேன். கடிகாரத்தைப் பாரு."

கடிகாரத்தில் செங்கோடன் ஓட்டிய அதே நேரம்தான் இருந்தது.

"அப்ப சின்னம் கிடையாதுங்களா மாஸ்டர்?"

"வண்டி முழுசா முடிஞ்சப்புறம் கேளு. இப்ப முன்பாதிதான் முடிஞ்சிருக்குது."

அடுத்த நாளிலிருந்து செங்கோடனைத் தேடினால் பின் சீட்டில்தான் இருப்பார். டீயும் அங்கேதான், மதியச் சாப்பாடும் அங்கேதான். எங்களை மாற்றி மாற்றி ஓட்டச் சொல்லிவிட்டு, வெறுங்காலோடு பின்னால் உட்கார்ந்து வருவார். "டிரைவர் வெச்சுக்கிட்டீங்களாட்ட இருக்குதுங்க," என்று கேலி செய்தோம். அவர் கண்டுகொள்ளவில்லை.

ஒரு நாள் எங்களில் ஒருவர் யோசனை சொன்னார். "பேசாம வேகத்தைக் குறைச்சிடலாமுங்க. பயமும் போயிரும்."

செங்கோடனுக்குக் கோபம் வந்துவிட்டது. "மெதுவாப் போறதுக்கு ஊருக்குள்ள ஆயிரம் வண்டி இருக்குது. அதுக்கு நாம எதுக்கு? வேகம் அப்படியே இருக்கட்டும். பயம் மட்டும் போகணும்."

முன் சீட்டின் முதுகு உயரமாக இருந்ததால் பின்னால் இருப்பவருக்குப் பாதை தெரியவில்லை. எந்தப் பக்கம் வளைவு வருகிறது என்று தெரியாமல்தான் உடம்பு மிரள்கிறது. செங்கோடன் அந்த முதுகைக் குறைத்தார். சினிமா தியேட்டரில் இருக்கிற மாதிரி பின் வரிசையைக் கொஞ்சம் உயர்த்தினார். விறைப்பாக இருந்த பின் ஸ்பிரிங்குகளைக் கழற்றி எறிந்துவிட்டு, புதிதாகச் செய்தார். சக்கரம் துள்ளாமல் தரையைப் பிடித்துக்கொண்டது. யாரும் எதிர்பார்க்காத விதமாக அதனால் வேகமும் கொஞ்சம் கூடியது.

மறுபடியும் சோதனை ஓட்டம் வந்தது. முதலாளியும் வந்து நின்றார். இந்த முறை கேட்காமலே மாஸ்டர் பின்னால் ஏறினார். மாவு தூவியாயிற்று. செங்கோடன் ஓட்டினார்.

அவர் ஓட்டிய அழகை என்னவென்று சொல்வது! வளைவுக்கு வளைவு வண்டி வழிந்து ஓடியது. ஒன்றுக்குப் பல சுற்று ஓட்டிவிட்டு வந்து நிறுத்தினார்.

மாஸ்டர் இறங்கவில்லை.

செங்கோடன் ஓடிப்போய்ப் பின் கதவைத் திறந்தார். மாஸ்டர் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார். காலடியில் தூவிய மாவு தூவிய மாதிரியே இருந்தது.

செங்கோடன் முகம் விழுந்துவிட்டது. எங்களுக்கும்தான். ஸ்போர்ட்ஸ் கார் செய்கிறவனுடைய வண்டியில் ஒருவர் தூங்கினால், அதைவிடப் பெரிய திட்டு என்ன இருக்கிறது?

"மாஸ்டர்... தூங்கிட்டீங்களே," என்றார் செங்கோடன்.

மாஸ்டர் கண்ணைத் திறந்தார். மாவைக் குனிந்து பார்த்தார்.

"நேரம் என்ன?"

கடிகாரம் வைத்திருந்தவர் கடைசிச் சுற்றின் நேரத்தைச் சொன்னார். சொன்னவரே நம்பாமல் இன்னொரு தடவை பார்த்தார். சுவரில் எழுதியிருந்த நேரத்தைவிட அது குறைவு.

மாஸ்டர் சுவரைப் பார்த்தார், பிறகு செங்கோடனைப் பார்த்தார். வாய்விட்டுச் சிரித்தார்.

"ஏப்பா, நான் ஓட்டி எடுத்த நேரத்தை, என்னையே பின்னால தூங்க வெச்சுக்கிட்டு முறியடிச்சிருக்கியா?"

மாஸ்டர் கைக்குட்டையில் முடிந்து வைத்திருந்த பித்தளை வல்லூறை அவிழ்த்து எடுத்தார். எந்த வண்டிக்கும் அவரேதான் அதைப் பொருத்துவார். அன்றைக்கு அதைச் செங்கோடன் கையில் வைத்தார்.

"நீயே போடு."

செங்கோடன் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு வண்டியின் முன்பக்கம் போய் நின்றார்.

"வழக்கம்போல மூக்கு மேலதானுங்களே மாஸ்டர்?"

"அது நமக்கு முன்னால போறவன் கண்ணாடியில தெரியட்டும்னு வெச்ச இடம். ரெண்டு பேர் வண்டிக்கு அது சரி," என்றார் மாஸ்டர், பின் சீட்டிலிருந்து இறங்காமலே. "இதுல, நீ எங்க உக்காந்து பயந்தியோ, அங்கிருந்து பாத்தாத் தெரியற மாதிரி போடு."